இணையத் தேசப்படத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

நிலத்தை அளந்தறிந்தவனே அதனை நன்கு ஆளவல்லவன் என்பது பழைய வேந்தர் முதல் இக்கால ஆட்சியாளர் ஈறாக யாவரும் உணர்ந்திருந்த உண்மையாகும். ஆதலின் தேசப்படம் வரைதல் நெடுங்காலமாக அரசுக்குரிய தொழிலாகவே இருந்து வந்தது. இங்கிலாந்தில் 1791 ஆம் ஆண்டில் நாடளாவிய நில அளவையைத் தொடங்கியது பீரங்கிகளுக்கும் படைக்கலங்களுக்கும் பொறுப்பாயிருந்த திணைக்களமே. அதன் பெயரே இன்றும் அந்நாட்டின் தேசப்பட நிறுவனத்துக்கு வழங்குகின்றது. இலங்கையின் நில அளவைத் திணைக்களமும் பிரித்தானியராட்சியின் தொடக்க ஆண்டுகளில், 1800 ஆம் ஆண்டில், நிறுவப்பட்டதாகும். அரசு அளந்தது, அரசு வரைந்தது, அரசு வெளியிட விரும்பியதை மக்கள் விலைகொடுத்து வாங்கினர். படத்திற் பிழை காணினும் அதனைத் திருத்தும் ஆற்றல் படிப்பவனுக்கு இருந்ததில்லை.

இந்நிலை கடந்த அறுபது ஆண்டுகளில் இருமுறை மாறியது. முதலாவது மாற்றத்தைக் கணினி விளைத்தது. தாளிலே அசைவற்றுக் கிடந்த படம் கேட்ட வினாவுக்கு விடை தரும் கருவியாயிற்று. இரண்டாவது மாற்றத்தை இணையம் விளைத்தது. திணைக்களங்களிலும் ஆய்வுகூடங்களிலும் இருந்த அக்கருவி எல்லார் கைக்கும் வந்ததோடு, படிப்பவனே வரைபவனாகும் நிலையும் பிறந்தது. இவ்விரு மாற்றங்களின் வரலாற்றை அறிதல், தேசப்படம் யாருக்குரியது என்னும் வினாவை ஆராய்வதற்கு இன்றியமையாதது.

தேசப்படம் வினாவுக்கு விடை கூறவல்லது என்பது கணினிக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. 1854 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் சோஹோப் பகுதியில் வாந்திபேதி பரவி, சில வாரங்களுள் 500 பேருக்கு மேல் மாண்டனர். தீய காற்றே நோய்க்குக் காரணம் என அக்கால வைத்தியர் பலர் நம்பியிருந்தனர். ஜோன் சினோ என்னும் வைத்தியரோ குடிநீரே காரணம் எனக் கருதினார். இறப்பு நிகழ்ந்த ஒவ்வொரு வீட்டின் அருகிலும் இறந்தவர் தொகைக்கேற்பச் சிறு கருங்கோடுகளை இட்டு அவர் ஒரு படம் ஆக்கினார். அப்படத்திலேயே பொது நீர்ப்பம்பிகள் நின்ற இடங்களையும் குறித்தார். கோடுகள் புறோட் வீதியிலிருந்த பம்பியைச் சூழ்ந்தே நெருங்கி நின்றன. இறப்புப் பட்டியலை மாத்திரம் படிப்பவனுக்கோ, பம்பிகளின் பட்டியலை மாத்திரம் படிப்பவனுக்கோ இவ்வுண்மை புலனாகாது. இரண்டும் ஒரே நிலத்தின்மேல் ஒருங்கு வைக்கப்பட்டபோதே அது வெளிப்பட்டது. வெவ்வேறு செய்திகளை ஒரே நிலத்தின்மேற் படலம் படலமாக வைத்து, அவற்றின் தொடர்பை ஆராய்தலே புவியியல் தகவல் முறைமையின் அடிப்படை.

ஒரு வீதியளவிற் கையாற் செய்யக்கூடிய இவ்வேலையை ஒரு நாட்டளவிற் செய்தல் எளிதன்று. இதனை நன்கு உணர்ந்தவர் றொஜர் தொம்லின்சன் என்பவர். இங்கிலாந்திற் பிறந்து கனடாவிற் குடியேறிய இவர், ஒட்டாவாவில் வானொளிப்படங்களிலிருந்து தேசப்படம் ஆக்கும் நிறுவனமொன்றிற் பணியாற்றினார். கிழக்காபிரிக்காவில் மரந்தோட்டம் அமைத்தற்கு ஏற்ற நிலத்தைத் தெரியும் பொறுப்பு அவரிடம் வந்தது. மண், சாய்வு, மழை, போக்குவரத்து ஆகியவற்றைக் காட்டும் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கையால் ஆராய்வதற்கு ஆகும் செலவு தாங்கற்கரியதாயிருந்தது. கணினியே இதற்கு வழி என அவர் துணிந்தார். 1962 ஆம் ஆண்டில் விமானப் பயணமொன்றில் அவருக்கு அருகில் அமர்ந்திருந்தவர் லீ பிறற் என்பவர். அவர் கனடா அரசின் நிலவளக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாயிருந்தவர். ஏறத்தாழ 25 இலட்சம் சதுர கிலோமீற்றர் நிலத்தைப் பயிர்ச்செய்கை, காடு, வனவிலங்கு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு எவ்வளவு ஏற்றது என வகுத்தல் அக்கணக்கெடுப்பின் நோக்கம். ஒருவரிடம் வினா இருந்தது. மற்றவரிடம் விடைக்குரிய வழி இருந்தது. அச்சந்திப்பின் பயனாகத் தோன்றியதே கனடாப் புவியியல் தகவல் முறைமை. தொம்லின்சன் இத்துறையின் தந்தை எனப் போற்றப்பட்டு 2014 ஆம் ஆண்டிற் காலமானார்.

அம்முறைமையின் சிறப்பு படத்தைக் கணினிக்குள் வைத்த வகையிலே தங்கியுள்ளது. ஐபிஎம் நிறுவனம் இதற்கெனவே பெரிய உருளையுடன் கூடிய வருடுபொறி ஒன்றை ஆக்கிற்று. உருளையிற் சுற்றப்பட்ட படத்தின் கோடுகளை அப்பொறி கண்டறிந்து எண்களாக மாற்றியது. வயலொன்றும் பனங்கூடலொன்றும் அடுத்தடுத்து இருப்பின், அவற்றுக்கிடையேயுள்ள எல்லைக்கோட்டை இருமுறை எழுதிவைக்க வேண்டியதில்லை. கோட்டை ஒருமுறை எழுதி, அதன் இடப்புறத்தில் வயல், வலப்புறத்திற் பனங்கூடல் எனக் குறித்தாற் போதும். இவ்வெளிய குறிப்பினால், எந்நிலம் எந்நிலத்தை அடுத்துள்ளது என்பதைக் கணினி தானே அறிந்துகொள்ளும். பரப்பையும் கணித்துக் கூறும். பார்ப்பவனின் கண்ணுக்கு மாத்திரம் புலனாகியிருந்த தொடர்பு இவ்வாறு எண்ணுருப் பெற்றது.

இக்காலத்திலேயே ஐக்கிய அமெரிக்காவில் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் 1965 ஆம் ஆண்டில் ஹவாட் பிஷர் என்பவர் கணினிப் படவரைகலை ஆய்வுகூடம் ஒன்றை நிறுவினார். அங்கு பயின்ற ஜாக் டேஞ்சர்மண்ட் 1969 இற் கலிபோர்னியாவில் எஸ்றி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1982 இல் வெளியிட்ட ஆர்க்இன்போ என்னும் மென்பொருள் உலகெங்கும் அரசுகளாலும் பல்கலைக்கழகங்களாலும் கையாளப்பட்டது. 1972 ஆம் ஆண்டு யூலை மாதம் ஏவப்பட்ட முதலாவது லாண்ட்சற் செய்மதி, நிலத்தை மீண்டும் மீண்டும் படம்பிடித்து அனுப்பலாயிற்று. ஆயினும் இவையாவும் பெரும் பொருளும் பயிற்சியும் வேண்டிய கருவிகள். சாதாரண மாணவனோ வழிப்போக்கனோ அவற்றை அணுகுதல் இயலாதிருந்தது. கணினி தேசப்படத்தின் இயல்பை மாற்றிற்று. அதன் உடைமையை மாற்றவில்லை.

உடைமையை அசைக்கத் தொடங்கியது இணையமே. 1993 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுநிலையத்தில் ஸ்டீவ் புட்ஸ் என்பவர் உலகப் படம் ஒன்றை இணையத்தில் வைத்தார். படிப்பவன் படத்தின் ஓரிடத்தைத் தெரிந்து அழுத்தினால், அச்செய்தி தொலைவிலுள்ள கணினிக்குச் சென்றது. அக்கணினி அவ்விடத்தைப் பெருப்பித்துப் புதிய படமொன்றை வரைந்து அனுப்பியது. அப்படத்திற் கடற்கரையும் ஆறும் எல்லையுமன்றி வேறு பெரிதாக எதுவும் இருக்கவில்லை. எனினும் முன்னரே அச்சிடப்பட்ட படத்தை நோக்குதல் என்னும் நிலை மாறி, கேட்பவன் கேட்ட கணத்தில் அவனுக்கெனவே படம் வரையப்படுதல் என்னும் நிலை அன்று உதயமாயிற்று.

மூன்றாண்டுகளின் பின், 1996 பெப்ரவரியில், மப்குவெஸ்ட் என்னும் சேவை தோன்றியது. இதனை ஆக்கிய நிறுவனம், அமெரிக்க அச்சுத்தொழிலிற் பெயர்பெற்ற டொனெலி நிறுவனத்தின் படவரைகலைப் பிரிவிலிருந்து வளர்ந்தது என்பது கருதற்பாலது. வீதிப் படங்களை அச்சிட்டு வழங்கிய மரபிலிருந்தே, புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் கூறினால் வழியை வரிவரியாகக் கூறும் இணையச் சேவை பிறந்தது. மறுபுறத்தில் மின்னெசோற்றாப் பல்கலைக்கழகத்தில் ஆக்கப்பட்ட மப்சேவர் என்னும் மென்பொருள் யாவரும் கட்டணமின்றிக் கையாளத்தக்கதாயிற்று. 1994 இல் நிறுவப்பட்ட திறந்த புவியிட அமைப்பு, வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் ஒன்றோடொன்று தேசப்படங்களைப் பரிமாறும் பொதுவிதி ஒன்றை 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இவ்விதியின் பயனாக, ஒரு திணைக்களத்தின் ஆற்றுப் படமும் மற்றொரு திணைக்களத்தின் வீதிப் படமும் ஒரே திரையில் ஒன்றுகூடல் எளிதாயிற்று.

அதே 2000 ஆம் ஆண்டில் மற்றுமொரு மாற்றம் நிகழ்ந்தது. ஐக்கிய அமெரிக்கப் படையினர் 1978 முதல் ஏவிவந்த இடங்காண் செய்மதிகள், ஜி.பி.எஸ். எனச் சுருக்கமாக வழங்கும் முறைமையாக 1995 இல் முழுமையாக இயங்கத் தொடங்கின. ஆயின் பொதுமக்களுக்குரிய சைகையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தமையால், கருவி காட்டும் இடம் உண்மையான இடத்திலிருந்து 100 மீற்றர்வரை விலகியிருத்தல் கூடும். 2000 ஆம் ஆண்டு மே மாதத்தின் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. அன்றிலிருந்து கையடக்கமான கருவியொன்றை ஏந்தி வீதிவழியே நடப்பவன், தான் நடந்த பாதையை ஏறக்குறையச் சரியாகவே பதிவுசெய்ய வல்லவனானான். நில அளவையாளனின் சங்கிலியும் கோணமானியும் செய்த வேலையின் ஒரு பகுதி இவ்வாறு பொதுமகன் கைக்கு வந்தது.

இணையத் தேசப்படத்தைப் பெருவழக்காக்கியது கூகுள் நிறுவனம். அதன் மூலக்கருத்து உதித்தது சிட்னி நகரில். டென்மார்க்கைச் சேர்ந்த லார்ஸ் ராஸ்முசன், ஜென்ஸ் ராஸ்முசன் என்னும் சகோதரர் இருவரும், நோயல் கோடன், ஸ்டீபன் மா என்பாரும் சேர்ந்து நிறுவிய சிறு நிறுவனம் ஒன்றை 2004 இற் கூகுள் வாங்கிற்று. 2005 ஆம் ஆண்டு பெப்ரவரி 8 ஆம் திகதி கூகுள் மப்ஸ் வெளிவந்தது. அதற்கு முன்னைய சேவைகளிற் படத்தைச் சற்று நகர்த்தினும் முழுப்படமும் மீள வரையப்பட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். கூகுள் மப்ஸிலோ உலகப் படம் முன்னதாகவே சிறுசிறு சதுரத் துண்டுகளாக வெட்டி வைக்கப்பட்டிருந்தது. படிப்பவன் நகர்த்தும் திசையிற் புதிதாக வேண்டிய துண்டுகள் மாத்திரம் அனுப்பப்பட்டன. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1998 இற் செய்மதிப் படங்களையும் வானொளிப்படங்களையும் வெளியிட்ட ரெறாசேவர் என்னும் சேவையிலும் படங்கள் துண்டுகளாகவே வைக்கப்பட்டிருந்தன. ஆயினும் கையால் இழுத்தவாறு படம் வழுக்கிச் செல்லும் இனிமையை மக்கள் பரவலாக அறிந்தது 2005 இலேயாம்.

இத்துண்டுகளின் கணக்கு வியப்புக்குரியது. முதற் படிநிலையில் உலகு முழுவதும் ஒரே சதுரத்துள் அடங்கும். அடுத்த படிநிலையில் அது 4 சதுரங்களாகும், அதற்கடுத்ததில் 16, பின்னர் 64. ஒவ்வொரு படியிலும் நான்கு மடங்காகப் பெருகிப் பதினெட்டாம் மடங்கிற் சதுரங்களின் தொகை 6,800 கோடியைத் தாண்டும். அந்நிலையில் மத்தியகோட்டருகே திரையின் ஒரு புள்ளி ஏறத்தாழ 60 சதமமீற்றர் நிலத்தைக் குறிக்கும். உலகைச் சதுரத்துள் அடக்குவதற்கு 1569 ஆம் ஆண்டில் மேக்கேற்றர் வகுத்த எறியம் கைக்கொள்ளப்பட்டது. கடலோடிகளுக்குத் திசையைச் சரியாகக் காட்டும் அவ்வெறியம் பரப்பைச் சரியாகக் காட்டுவதில்லை. ஆபிரிக்கா கிறீன்லாந்தைப் போல் ஏறத்தாழப் பதினான்கு மடங்கு பெரிதாயினும், திரையில் இரண்டும் ஒத்த அளவினபோலத் தோன்றும். இணையத் தேசப்படத்தைக் கொண்டு நாடுகளின் பரப்பை ஒப்பிட விழையும் மாணவர் இதனை மறத்தலாகாது.

2005 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், செய்மதிப் படங்களால் மூடிய உருண்டையாக உலகைக் காட்டும் கூகுள் ஏர்த் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே, பிறர் தத்தம் செய்திகளைக் கூகுளின் படத்தின்மேல் இட்டுக் காட்டுவதற்கும் வழி திறக்கப்பட்டது. வாடகை வீடு முதல் நோய்ப் பரம்பல் வரை யாவும் இணையத்திற் படமாயின. சினோ வைத்தியர் தாளிற் செய்ததை ஒரு பாடசாலை மாணவன் திரையிற் செய்யக்கூடிய காலம் வந்தது.

எனினும் அடிப்படைப் படம் இன்னும் ஒருவரின் உடைமையாகவே இருந்தது. இங்கிலாந்தில் அரசின் தேசப்படங்கள் பொதுமக்களின் வரிப்பணத்தில் ஆக்கப்பட்டும், பதிப்புரிமையாற் காக்கப்பட்டு விலைக்கே கிடைத்தன. இதனைப் பொறாத ஸ்டீவ் கோஸ்ட் என்னும் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர் 2004 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஓப்பின்ஸ்றீற்மப் என்னும் முயற்சியைத் தொடங்கினார். அச்சிட்ட படங்களைப் பார்த்து வரைதல் அங்கு விலக்கப்பட்டது. தொண்டர்கள் இடங்காண் கருவியுடன் நடந்தும் சைக்கிளிற் சென்றும் வீதிகளைத் தாமே பதிவு செய்தனர். 2006 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர்களுட் சிலர் ஒருங்குகூடி, வைற் தீவின் வீதிகளை ஒரு வாரவிறுதியில் அளந்தனர். ஒருவர் வரைந்ததை மற்றொருவர் திருத்தலாம். ஆக்கிய தரவை எவரும் எடுத்துக் கையாளலாம் என்பவை அம்முயற்சியின் இரு தூண்கள். 2013 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பத்து இலட்சம் பேர் அதிற் பதிவு செய்திருந்தனர். இங்கிலாந்தின் தேசப்பட நிறுவனமும் 2010 ஏப்ரிலிற் தன் தரவுகளில் ஒரு பகுதியை யாவர்க்கும் திறந்துவிட்டது.

இம்முயற்சி விளையாட்டன்று என்பதை உலகுக்கு உணர்த்தியது ஹெயிற்றி நாட்டின் பேரிடர். 2010 சனவரி 12 ஆம் திகதி மாலை, 7.0 அளவுடைய பூமியதிர்ச்சி அந்நாட்டின் தலைநகரான போட்டோபிறின்சைச் சிதைத்தது. உதவிக்கு விரைந்தோர் வீதியும் மருத்துவமனையும் எங்குள்ளன என அறிய இணையப் படங்களை நாடினர். இலாபம் கருதி ஆக்கப்படும் படங்களில் வறிய நகரின் நெருங்கிய குடியிருப்புகள் நுணுக்கமாக வரையப்பட்டிருக்கவில்லை; ஓப்பின்ஸ்றீற்மப்பிலும் பிரதான வீதிகளன்றிப் பெரும்பகுதி வெறுமையாகவே கிடந்தது. பூமியதிர்ச்சியின் பின் எடுக்கப்பட்ட செய்மதிப் படங்களை உரியோர் திறந்துவிடவே, உலகின் பல நாடுகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான தொண்டர்கள் தத்தம் வீட்டிலிருந்தபடியே வீதிகளையும் இடிந்த கட்டடங்களையும் மக்கள் கூடாரமிட்ட இடங்களையும் வரைந்தனர். சில நாட்களுள் அந்நகருக்கு அதுவரை இல்லாத நுணுக்கமான தேசப்படம் உருவாயிற்று. மீட்புப் பணியாளர் அதனைத் தம் கருவிகளில் ஏற்றிச் சென்றனர். படத்தில் இல்லாத தெருவுக்கு உதவியும் காலந்தாழ்த்தே செல்லும் என்பது ஹெயிற்றி புகட்டிய பாடம்.

பாடம் கற்றோர், இடர் வருமுன்னரே படம் ஆக்க முற்பட்டனர். 2012 ஆம் ஆண்டில் உலக வங்கியின் ஆதரவுடன் தெற்காசியாவில் அதற்கெனத் தெரியப்பட்ட நகரங்கள் காத்மண்டு, டாக்கா, மட்டக்களப்பு என்பன. வெள்ளம், புயல், ஆழிப்பேரலை ஆகியவற்றைக் கண்ட மட்டக்களப்பிற் கட்டடங்களின் இருப்பிடமும், மாடிகளும், பயன்பாடும், கட்டிய பொருளும் திரட்டப்பட்டு யாவரும் காணத்தக்க படத்தில் இடப்பட்டன. காத்மண்டுவில் அவ்வாறு பயின்ற இளைஞர் குழுவே 2015 ஏப்ரில் 25 ஆம் திகதி நேபாளத்தைப் பூமியதிர்ச்சி தாக்கியபோது, ஆயிரக்கணக்கான தொண்டர்களின் படவேலையை நெறிப்படுத்தியது.

இங்ஙனம் நன்மை பெருகியபோதும் தீமைகளும் உடன்வந்தன. 2010 நவம்பரில் நிக்கராகுவாவுக்கும் கொஸ்ராறிக்காவுக்குமிடையே சான்குவான் ஆற்றின் முகத்துவாரத்தில் எல்லைத் தகராறு மூண்டது. நிக்கராகுவாத் தளபதி ஒருவர் தம் செயலுக்குக் கூகுளின் படத்தையும் சான்றாகக் காட்டினார். படத்திலிருந்த எல்லை பிழையென அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டு திருத்தியது. சர்வதேச நீதிமன்றமோ 2015 இற் பழைய உடன்படிக்கையையும் நடுவர் தீர்ப்புகளையும் ஆராய்ந்தே அந்நிலம் கொஸ்ராறிக்காவுக்குரியதெனத் தீர்ப்பளித்தது. 2014 இன் பின் கிறைமியாவின் எல்லை, படிப்பவன் எந்நாட்டிலிருந்து நோக்குகின்றான் என்பதற்கேற்ப வெவ்வேறாகக் காட்டப்பட்டமையும் கருதத்தக்கது. அச்சிட்ட படம் எல்லார்க்கும் ஒன்றையே கூறியது. இணையப் படமோ கேட்பவன் யாரெனக் கண்டு விடை கூறவும் வல்லது.

வேறோர் இடரும் உண்டு. தேசப்படத்தை நோக்குபவனைத் தேசப்படமும் நோக்குகின்றது. கைத்தொலைபேசி ஏந்திச் செல்வோரின் நடமாட்டம் ஓயாது பதிவாகின்றது. உடற்பயிற்சி செய்வோரின் ஓட்டப் பாதைகளைத் தொகுத்து நிறுவனமொன்று 2017 இல் வெளியிட்ட உலகப் படத்தில், மறைவாக இருக்கவேண்டிய படைமுகாம்களின் வடிவம் ஒளிக்கோடுகளாகத் துலங்கிற்று. படைவீரர் நிலையே அதுவாயின் பொதுமகனின் நிலை கூறவேண்டியதில்லை. மேலும், மக்கள் திருத்திக் கொடுத்த செய்தி இறுதியில் யாருடைமை என்னும் வினாவும் எழுகின்றது. கூகுள் 2008 இற் தொடங்கிய மப்மேக்கர் என்னும் பகுதியிற் பல நாட்டு மக்கள் தம் ஊர்களை உழைத்து வரைந்தனர்; 2017 இல் அப்பகுதி மூடப்பட்டது. 2018 இற் கட்டணமுறை மாற்றப்பட்டபோது அந்நிறுவனத்தின் படத்தையே நம்பியிருந்த பலர் வேறு படம் தேட நேர்ந்தது. பொதுவுடைமையாக ஆக்கப்பட்ட படத்துக்கும் ஒரு நிறுவனம் இலவசமாகத் தரும் படத்துக்கும் உள்ள வேறுபாடு அப்போதே பலர்க்குப் புலனாயிற்று.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகும். கணினி தேசப்படத்துக்கு நாவைக் கொடுத்தது. இணையம் அதனைச் சந்திக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதில் எழுதப்படுவது எழுதுவோரின் அக்கறையையே இன்றும் சார்ந்திருக்கின்றது. வணிகம் மிக்க நகரின் கடைகள் யாவும் படத்தில் உள. குளத்தின் வாய்க்காலும், ஊர்க்கிணறும், வெள்ளகாலத்திற் கடக்கவியலாத மதகும் பல இடங்களில் இல. அவற்றை அறிந்தவர் அவ்வூரவரே. முன்னைய நூற்றாண்டுகளில் அவ்வறிவைத் தேசப்படத்திற் சேர்க்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. இன்று அவ்வுரிமை ஒரு கணினியும் சில நாட்பயிற்சியும் உடைய மாணவர் எவர்க்கும் உண்டு. தம் ஊரின் ஒழுங்கையை அதன் உண்மைப் பெயரோடு சரியாகப் பதிவு செய்யும் மாணவர், படம் படிப்போர் நிலையிலிருந்து படம் வரைவோர் நிலைக்கு உயர்கின்றார். அடுத்த வெள்ளத்தின்போது அவ்வொழுங்கையைத் தேடிவரும் படகுக்கு வழிகாட்டுவது அப்பதிவாகவே இருத்தல் கூடும்.